பொய்யாகத் தட்டியவள்

தில்லையடியில் கட்டில் மேசை விற்கும் ஒரு தளபாடக் கடையின் மேல்மாடியில், சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரிக்கிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? நம்பத்தான் வேண்டும். ஜியு-ஜிட்சு என்று அந்த மல்லுக்கட்டு விளையாட்டுக்குப் பெயர். சிலாபத்திலிருந்து பஸ்ஸில் வந்து டில்ருக்ஷி மிஸ் சொல்லிக் கொடுக்கிறார். படிக்கிறவர்கள் பதினொரு பேர். அவர்களில் மூத்தவள் கமறியா. வயது முப்பத்தொன்று, வேலை உப்புப் பொதி கட்டுவது.

உப்பு மூட்டை இழுத்துக் காய்த்த விரல்கள் என்பதால் அவள் பிடித்தால் உடும்புப்பிடிதான். ஒன்றரை வருஷத்தில் வெள்ளைப் பெல்ட்டின் நுனியில் ஒட்டுகிற நான்கு கோடுகளும் அவளுக்கு வந்துவிட்டன. நான்குக்குப் பிறகு நீலப் பெல்ட். அந்த இடத்தில்தான் பயம் பிடித்தது.

மேல்மாடி வகுப்பு வெள்ளைப் பெல்ட்காரருக்கு மட்டும். நீலம் கட்டினால் சிலாபத்துக்குப் போக வேண்டும். அங்கே ஆணும் பெண்ணும் ஒரே விரிப்பில் உருளுவார்கள். கணவன் ஸுஹைபோ இரண்டு மாதம் கெஞ்ச வைத்து, "பொம்புளயள் மட்டுமெண்டா போ" என்று ஒரே வார்த்தையில் முடித்தவன். பொல்லாதவன் இல்லை, ஆனால் சொன்ன சொல்லிலிருந்து இறங்கமாட்டான். கிழமையில் அவளுக்கென்று இருந்ததே இந்த ஒன்றரை மணித்தியாலம். நீலம் வந்தால் அதுவும் போச்சு.

ஆகவே கமறியா தோற்கத் தொடங்கினாள். இந்த விளையாட்டில் தோல்வியை ஒப்புக்கொள்ள வாய் திறக்க வேண்டியதில்லை. எதிராளியின் உடம்பில் கையால் தட்டினால் போதும், உடனே பிடியை விட்டுவிட வேண்டும். யார் பிடித்தாலும் அவள் தட்டினாள். பிடி சரியாக விழுமுன்பே தட்டினாள். மிஸ் தன் பக்கம் திரும்பினாலே போதும், இன்றைக்கு நீலத்தைக் கட்டிவிடுவாரோ என்று இன்னும் நாலு தட்டுக் கூடத் தட்டுவாள்.

அவளோடு அதிகம் உருண்டவள், அவளை அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் ஷிம்லா. பத்தொன்பது வயது, டவுனில் மருந்துக்கடையில் வேலை. எதிராளி குனியும்போது கழுத்தைக் கக்கத்துக்குள் வாங்கி இறுக்குவது அவளுக்குப் பிடித்த பிடி. ஆனால் அவள் கை தொண்டையில் விழாது, தாடையில்தான் விழும். கமறியா தட்டுவாள். பிள்ளையின் முகம் மலர்ந்துவிடும். யாருக்கு என்ன நட்டம் என்றிருந்தாள் கமறியா.

ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், உப்பளத்து ரோட்டில் ஒருவன் ஷிம்லாவின் பையைப் பிடித்து இழுத்தான். பையை விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். அவள் ஓடவில்லை. அவன் குனிந்ததும் கழுத்தைக் கக்கத்துக்குள் வாங்கி, உயிரைக் கொடுத்து இறுக்கினாள். அவன் இருமக்கூட இல்லை. அவளை இடுப்போடு தூக்கி ரோட்டில் அடித்தான். அவள் தோள் எலும்பு முறிந்தது. எதிரே ஒரு ட்ரக்டர் வந்ததால் ஓடிப்போனான், இல்லாவிட்டால் என்ன நடந்திருக்குமோ.

கூடப் படிக்கும் அஸ்ரியா போனில் இதைச் சொன்னபோது, எந்தப் பிடி என்றுதான் கமறியா முதலில் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக அவளால் முடியவில்லை. ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

ஐந்து மாதம் கழித்து ஷிம்லா திரும்பி வந்தாள். விரிப்பில் கால் வைக்குமுன்பே கமறியாவிடம் கேட்டாள்.

"ராத்தா, ஒவ்வொரு தரமும் உங்களுக்கு இறுகின புடி அவனுக்கு மட்டும் ஏன் இறுகல்ல? நான் என்ன புழ செஞ்ச?"

அவன் ஆம்பிளை, பலசாலி என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பதில் நாக்கு நுனி வரை வந்தது. மிஸ்ஸும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ புழ செய்யல்ல புள்ள. அது ஒரு நாளும் இறுகல்ல. நீலம் வந்திருமெண்டு பயத்துல நான் பொய்யாத் தட்டின."

ஷிம்லா அவளை யாரோ ஊர் பேர் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மிஸ்ஸுக்குக் கோபத்தில் முகம் சிவந்துவிட்டது. "இண்டைக்கு உண்மையாச் செய்," என்று மட்டும் சொன்னார். கமறியா உண்மையாகச் செய்தாள். ஷிம்லாவைத் தவிர ஒன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தட்டினார்கள். மிஸ் ஒரு நீலப் பெல்ட்டை எடுத்துவந்து அவள் இடுப்பில் கட்டினார்.

"தண்டனையெண்டே நெனச்சிக்கோ. அடுத்த சனி உனக்கு இங்க எடமில்ல."

ஸுஹைபுக்கு என்ன சொல்வது? அப்போதுதான் ஷிம்லா வந்து முன்னால் நின்றாள்.

"எனக்கு அந்தப் புடியக் காட்டித் தாங்க."

கமறியா குனிந்து கழுத்தைக் கொடுத்தாள். கை தாடையில் விழுந்தது. "இறுகல்ல. கீழ எறக்கு." மறுபடியும் தாடை. "இன்னங் கீழ." ஏழாவது தரம் காதுக்குள் இரைந்தது, கண் இருண்டது. கமறியா தட்டினாள்.

பிடி விடவில்லை. முதுகில் தட்டினாள், தொடையில் தட்டினாள், விரிப்பில் படபடவென்று அடித்தாள். மூச்சு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மிஸ் ஓடிவந்து ஷிம்லாவின் கையைப் பிரித்தெடுத்தார்.

கமறியா தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். ஷிம்லா பயந்துபோய்த் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க தட்டினது தெரியும் ராத்தா," என்றாள். "உண்மையாத்தான் தட்டுறீங்கண்டு நான் எப்பிடி நம்புற?"