எட்டாம் வகுப்பில் ஒரு செக்கிங் செக்‌ஷன்

என்னை ஒரு போட்டிக்கு நடுவராகக் கூப்பிடுகிறார்கள் என்றால், வேறு ஆள் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போன வாரம் திருப்பூரை ஒட்டிய அருள்புரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சந்தோஷமாகப் போனேன்.

மாவட்ட அளவில் வாசிப்புப் போட்டி. மேடையில் ஒரு கதையைக் கொடுப்பார்கள். படித்துவிட்டு, கேட்கிற கேள்விகளுக்கு மைக்கில் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கு ஒருவர்தான். எட்டாம் வகுப்பிலிருந்து அந்த ஒருவரை நான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தமிழாசிரியை கலைவாணி வாசலிலேயே விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

“எழுதச் சொன்னா ஜெனிபருங்க சார். பேசச் சொன்னா தினேஷுங்க. ஜெனிபருக்குத் தெரியாதது ஒண்ணுமில்லீங்க. ஆனா வாயத் தொறக்க மாட்டேங்குது. எனக்கு அவளை அனுப்போணும்னு ஆசைங்க. மேடைல போயி பேசாம நின்னுட்டா என்னங்க பண்றது?”

நியாயமான கவலை. மௌனத்துக்கு எந்த நடுவர் மார்க் போடுவார்?

வகுப்புக்குள் போனேன். ஒரு பக்கம் பையன்கள், ஒரு பக்கம் பெண் பிள்ளைகள். எல்லோர் கையிலும் கதை அச்சடித்த தாள். ஒரு தையல்காரர், தனி ஆளாகக் கடை வைத்திருக்கிறார். ஊர்த் திருவிழா வருகிறது. அக்கம்பக்கத்துக் கடைகளெல்லாம் மூடியாகிவிட்டது. இவர் மட்டும் திருவிழாவுக்குப் போகவில்லை. காரணம், கடை அலமாரியில் ஒரு குருவி முட்டையிட்டிருக்கிறது. கடையைப் பூட்டினால் தாய்க்குருவி உள்ளே வர முடியாது. இது மூன்றாவது பாராவில் தெளிவாக இருக்கிறது.

“தையல்காரர் ஏன் திருவிழாவுக்குப் போகவில்லை?” என்று கேட்டேன்.

கேள்வி முடியவில்லை... பையன்கள் பக்கம் அத்தனை கையும் மேலே.

“ஷிப்மெண்ட் சார்!” — இது தினேஷ்.

“பையர் அவசரப்படுத்திட்டாருங்க!”

“ஆளெல்லாம் லீவு போட்டுட்டாங்க சார்!”

திருப்பூர்ப் பிள்ளைகள் வேறு என்ன சொல்வார்கள்? பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அப்பா ஊருக்குப் போகாததற்கு அவர்கள் வீட்டில் கேட்டுப் பழகிய காரணம், வெளிநாட்டு வியாபாரிக்குச் சரக்கு அனுப்பும் அவசரம்தான். தாளைப் பார்க்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை!

பெண் பிள்ளைகள் பக்கம்? கப்சிப். ஜெனிபரை எழுப்பினேன். எழுந்தாள், குனிந்தாள். விரல் மட்டும் மூன்றாவது பாராவில், சரியான வரியில் நின்றது. வாய் திறக்கவில்லை.

எனக்கு ஒன்று புரிந்தது. பையன்கள் பேசிப் பார்த்துத்தான் பதில் சரியா என்று தெரிந்துகொள்கிறார்கள். அந்தத் தைரியம் நல்ல தைரியம்தான், குறை சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகளோ சரி என்று தெரிந்த பிறகும் இன்னொரு முறை யோசிக்கிறார்கள். யோசிக்க மாட்டார்களா? தப்பாகச் சொன்ன பையனைத் துறுதுறுப்பானவன் என்கிறோம். சரியாகச் சொன்ன பெண்ணை வாயாடி என்கிறோம்.

மனசே இல்லாமல் தினேஷ் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். கலைவாணி டீச்சர் குறுக்கே வந்தார்.

“ஒரு நிமிசம் இருங்க சார். கண்ணுகளா, இப்ப இது கிளாஸ் இல்ல, கம்பெனி. தினேஷு, நீ டெய்லர். பொண்ணுங்க எல்லாரும் செக்கிங். டெய்லர் சொல்ற பதிலை நீங்க பாஸ் பண்ணோணும்.”

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பனியன் கம்பெனியில் தைத்து முடித்த ஒவ்வொரு பீஸும் செக்கிங் டேபிளுக்கு வரும். அங்கே பெரும்பாலும் பெண்கள்தான். கோணல் தையலோ ஓட்டையோ கண்ணில் பட்டால் உடனே சொல்லியாக வேண்டும். பார்த்தும் பேசாமல் விட்டால் பீஸ் பெட்டிக்குள் போய்விடும். அப்புறம் முதல் திட்டு செக்கிங்குக்குத்தான். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த ஜெனிபரின் அம்மாவுக்கு அந்த வேலைதான்.

பழைய கேள்வியையே கேட்டேன். தினேஷ் அசரவில்லை. “ஷிப்மெண்ட்டுங்க!”

அத்தனை பெண் பிள்ளைகளின் கண்ணும் தாளில்.

“செக்கிங் பாத்தாச்சா?” என்றார் டீச்சர். “அப்ப பீஸைப் பெட்டில போட்டறட்டுங்களா? ஒண்ணு... ரெண்டு...”

“போடாதீங்க மிஸ்! ரிஜெக்ட்!”

ஜெனிபர்தான்! அவளே திடுக்கிட்டுப் போனாள். வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

“ஏன் ரிஜெக்ட்?” என்றேன்.

“மூணாவது பாராவுல குருவி முட்டை போட்டிருக்குல்லா சார். கடையப் பூட்டுனா தாய்க்குருவி எப்படி உள்ள வரும்? ஷிப்மெண்ட்டுன்னு எங்கயும் போடலியே!”

அதற்குப் பிறகு பெண் பிள்ளைகள் பக்கத்தை அடக்க முடியவில்லை. தினேஷ் எதைச் சொன்னாலும் “ரிஜெக்ட்!”, கூடவே எந்தப் பாரா, எந்த வரி என்ற விவரமும். பையன்களும் அவசர அவசரமாகத் தாளைப் புரட்டிப் படிக்க ஆரம்பித்தார்கள். நான் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

கடைசிக் கேள்வி. குஞ்சுகள் பறந்த பிறகு தையல்காரர் கதவுக்கு மேலே சின்னதாக ஓர் ஓட்டை போடுகிறார். ஏன்? காரணம் கதையில் இல்லை. நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“காத்து வரட்டும்னுங்க!” என்றான் தினேஷ்.

“ரிஜெக்ட்,” என்றாள் ஜெனிபர். இந்த முறை நிமிர்ந்து, என் முகத்தைப் பார்த்து. “அடுத்த வருசமும் குருவி வரும்லா சார். அந்த மனுசனும் ஒரு தடவையாவது திருவிழா பாக்கணும்லா!”

கை தட்டினேன். நடுவர் கை தட்டக் கூடாதாம், தட்டினேன். ஜெனிபர் பெயரை நான் அறிவித்ததும் டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டார்.

கிளம்பும்போது தினேஷ் பின்னாலேயே வந்தான். கோபமாக இருப்பானோ என்று பயந்தேன். அவன் முகத்தில் கோபம் இல்லை, தீவிரமான யோசனை.

“சார்... கிளாஸ்லயே நாந்தான் கெட்டிக்காரன்னு இத்தனை நாளா எல்லாரும் சொன்னாங்க. அது ஜெனிபரு பேசாம இருந்ததனாலதானுங்களா?”

எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு ரிட்டயர் ஆகும்வரை தோன்றாத கேள்வி — இவன் எட்டாம் வகுப்பிலேயே கேட்டுவிட்டான்.