பித்தளைத் திருகாணி

போன மாதம் என் மகள் வீட்டுத் தையல் மிஷினைச் சரிபார்க்க வந்த மெக்கானிக், ஊசியைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கம்பெனி ஸ்குரூ இல்ல சார். யாரோ கையால செஞ்சிருக்காங்க. இம்புட்டு வருசத்துல மரை கொஞ்சங்கூடத் தேயல" என்றார். என் தாய்மாமன் செய்தது என்று சொன்னேன். அவரைச் செய்ய வைத்தது நான் என்பதையும், அதனால் என் அத்தைக்கு அமையவிருந்த ஒரு வாழ்க்கை அமையாமல் போனதையும் சொல்லவில்லை. இந்த வயதுக்கு மேல் அதை மறைத்து வைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எழுதிவிடுகிறேன்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டு வருடம் முடிவதற்குள் புருசனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடும், இப்போது என் மகளிடம் இருக்கும் அந்தச் சீமைத் தையல் மிஷினோடும் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவர். மாதா கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன், பள்ளிக்கூடச் சட்டை, கிறிஸ்துமஸ் நெருங்கினால் தெரு முழுக்கப் புதுத்துணி. அந்த மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால்தான் அண்ணன் வீட்டில் அவரால் தலைநிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடிந்தது.

ஒருநாள் அந்த ஊசித் திருகாணி தலை முறிந்து விழுந்தது. ரத வீதிக் கடைகளில் அதற்குள் எல்லாம் மில்லிமீட்டர் கணக்குக்கு மாறியிருந்தது. புதுத் திருகாணி எதைப் போட்டாலும் ஒரு சுற்று உள்ளே போய் இறுகிக்கொண்டது. கடைக்காரர், இந்த மரை உலகத்திலேயே இப்போது கிடையாது, மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அத்தை மிஷினை மூடி போட்டு மூடினார். அம்மா தன் தம்பிக்கு ஆள் அனுப்பினார்.

மாமா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் மெஷின்களைப் பராமரிக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர். டிப்ளமா படித்தவர். தங்கைகளைக் கட்டிக்கொடுத்து நிமிர்வதற்குள் முன்நெற்றி ஏறிவிட்டதால் கல்யாணப் பேச்சு நின்றுபோனவர். தாடிக்கொம்பு ரோட்டிலிருந்த அவர் வீட்டின் பின்பக்கம், மோட்டார் ரூமாக இருந்த இடத்தில், மில்லில் கழித்துப்போட்ட, இரும்பு கடையும் ஒரு சின்ன லேத்தை வாங்கி வைத்திருந்தார். எந்தக் கடையிலும் கிடைக்காத திருகாணிக்கு அங்கே வருவார்கள். குஜிலியம்பாறையிலிருந்து டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர், முடிவெட்டும் மிஷினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒரு நாவிதர், பல் டாக்டர் ஒருவர். லீவு நாளெல்லாம் நான் அங்கேதான் கிடப்பேன்.

அவர் வேலை செய்வதைப் பார்ப்பது பெரிய பூசை பார்ப்பது மாதிரி. முறிந்த திருகாணியைச் சோப்புக்கட்டியில் அழுத்தி உருட்டுவார். சோப்பில் விழுந்த கோடுகளை லென்ஸ் வைத்து எண்ணுவார். பிறகு எந்தப் பல்சக்கரத்தோடு எதைச் சேர்த்தால் லேத் அதே கோட்டைப் போடும் என்று சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கணக்குப் போடுவார். கணக்கு சரியாக வந்தால் ஒரு விசில். கம்பி சுழல, டூல் ஒரு மயிரளவு கடிக்கும். நிறுத்தி, பின்னுக்கு வந்து, மறுபடி ஒரு மயிரளவு. சுருள் சுருளாகச் சீவல் உதிரும். கடைசியில் எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்குவார். புகை அடங்கியதும் அதைத் தூக்கிப் பிடித்து, "ஏலே, நான் செத்தாலும் இது தேயாது" என்பார். பெருமை அடித்துக்கொள்ளும் மனிதர்தான். ஆனால் அவர் அடித்த பெருமையில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

அத்தையின் மிஷினுக்கும் அப்படித்தான் அளவெடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மாட்டினார். விரலால் ஒரு சுண்டு சுண்டியதும், தானே வழி தெரிந்தது போலச் சுழன்று உள்ளே போய் உட்கார்ந்தது. அத்தை சக்கரத்தைச் சுற்றினார். மிஷின் ஓடியது. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திருகாணி பித்தளை. இரண்டு மூன்று மாதத்தில் மரை மழுங்கி, ஊசி ஆடும். அத்தை என்னைக் கூப்பிட்டு, "மாமாகிட்ட ஊசி ஆடுதுன்னு சொல்லு அப்பு" என்பார். மாமா ஞாயிற்றுக்கிழமை புதிது கொண்டுவந்து மாட்டுவார். இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதே இல்லை. எல்லாம் என் வழியாகத்தான். "செத்த நேரம் தச்சுப் பாக்கச் சொல்லு", "நல்லா இருக்குன்னு சொல்லு". கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டே இப்படி. அந்த ஞாயிறுகளில் அம்மா கறி எடுப்பார். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டு இருக்கும்.

அறிவியலில் வகுப்புக்கே முதல் மாணவன் நான். எஃகின் கடினமும் பித்தளையின் மென்மையும் எனக்குப் பாடம். ஊருக்கெல்லாம் எஃகில் செய்யும் மாமா இங்கே மட்டும் தப்புச் செய்கிறார் என்று கண்டுபிடித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். மாமாவிடம் தனியாகக் கேட்டிருக்கலாம். எல்லோர் முன்னாலும் அவரை ஒருமுறை மடக்க வேண்டும் என்ற ஆசையில் சாப்பாட்டு நேரம் வரைக்கும் காத்திருந்தேன். அது கிறிஸ்துமஸுக்கு முந்திய மாதம்.

"ஏன் மாமா, எல்லாருக்கும் எஃகுல செய்றீங்க, அத்தைக்கு மட்டும் ஏன் பித்தளை? எஃகுல செஞ்சா நீங்க வரவே வேணாம்ல?"

அம்மா என் தொடையைக் கிள்ளினார். வலியில் துள்ளினேனே தவிர காரணம் விளங்கவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த அத்தை குழம்புச் சட்டியோடு அடுப்படிக்குள் போனவர் திரும்ப வரவில்லை. மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "திருகாணி தேஞ்சா வேற செஞ்சுக்கலாம் அப்பு. துவாரத்துல மரை தேஞ்சா மிஷினே போச்சு. அதான் மெதுவானதாப் போடுறது."

அது உண்மை. பிற்காலத்தில் பொறியியல் படித்தபோது பாடப் புத்தகத்திலேயே அதைப் படித்தேன். ஆனால் அன்றைக்கு அவர் காது சிவந்திருந்தது. பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா, பதில் சொல்லும் பையனின் காதைப் பார்த்தே பொய் மெய் கண்டுபிடிப்பவர். கையைக் கழுவிவிட்டு வந்து, "எஃகுலயே ஒண்ணு செஞ்சு குடுத்துருங்க மாப்ளே. உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?" என்றார். அதுவரை மாமாவை அவர் வாடா போடா என்றுதான் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன்.

கோயிலில் தடை இல்லை. விதவை மறுபடி கட்டிக்கொள்ளலாம், பங்குச் சாமியாரே மந்திரித்துக் கட்டிவைப்பார். கட்டிக்கொள்ளும் முறையும் உண்டு. தடை அப்பாவின் மனசிலும், அவர் பயந்த ஊர் வாயிலும்தான் இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் அப்பாவை மெல்லச் சரிக்கட்ட அம்மாவும் மாமாவும் பேசி வைத்திருந்தார்களாம். தன் கடைசிக் காலத்தில், என்னைக் குறை சொல்லாமல், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே அம்மா இதைச் சொன்னார்.

மாமா அந்த வாரமே எஃகில் செய்தார். நான் பக்கத்தில் இருந்தேன். எப்போதும் போலச் சோப்பு, கணக்கு, மயிரளவு. விசில் மட்டும் இல்லை. வேண்டா வெறுப்பாகச் செய்திருக்கலாம், அளவில் ஒரு பிசகு வைத்திருக்கலாம். அவருக்கு மோசமாகச் செய்யத் தெரியாது. அவர் கையிலிருந்து வந்ததிலேயே நேர்த்தியானது அதுதான். எண்ணெயைத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். "நீயே குடுத்துரு அப்பு. எனக்கு மில்லுல வேலை கெடக்கு." அடுத்த வருடம் கோயம்புத்தூர்ப் பக்கம் வேறு மில்லுக்குப் போய்விட்டார். கடைசிவரை அவரும் கட்டவில்லை, அத்தையும் கட்டவில்லை.

நான் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை மிதித்து வந்து அத்தையிடம் கொடுத்தேன். அவர் பித்தளைத் திருகாணியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். புதியதை விரலால் சுண்டினார். அது சுழன்று உள்ளே போய் அசையாமல் உட்கார்ந்தது. ஒரு வெள்ளைத் துண்டில் தைத்துப் பார்த்தார். தையல் நூல் பிடித்தாற்போல நேராக ஓடியது.

"இனிமே ஒனக்குத் தொல்லையே இல்லல்ல அத்தை?" என்றேன்.

"ஆமா அப்பு" என்றார், தலையைத் தூக்காமல். "இனிமே ஒரு தொல்லையுமில்ல."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு விளையாடப் போனேன்.