கீழ் ஓவனில் இருந்த ஃபைல்

என் அண்ணியைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் வேறு யார் எழுதப்போகிறார்கள்? பதினாறு வருடமாக ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் அவளோடு முட்டிக்கொண்டவள் நான். எனக்கு வாய் நீளம். வீட்டில் என்னைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணம் ஒன்று செய்து, அது சரிப்படாமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள். வந்த இடத்தில் அடக்கமாக இருந்தேனா என்றால், அதுவும் இல்லை.

அண்ணி நர்ஸுக்குப் படித்தவள். படித்தவள் என்றுதான் சொல்லலாம், நர்ஸ் என்று சொல்ல அண்ணன் விடவில்லை. தெருவில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து இத்தனை டிகிரி என்பாள். பிறகு தெர்மாமீட்டரை வைத்தால் அதையேதான் காட்டும். அதோடு சரி அவள் உத்தியோகம். மீதி நேரமெல்லாம் எங்களுக்கு வடித்துக்கொட்டுவதில் போயிற்று.

அண்ணனுக்கு வீடு வீடாகப் போய் சமையலறை அலமாரி பொருத்தும் வேலை. ஒரு பெரிய வீட்டில் கதவில் கீறல் இருக்கிறது என்று வேண்டாமென்று சொன்ன ஓவன் ஒன்றை எங்கள் சுவரில் கொண்டுவந்து பதித்தான். மேலே மைக்ரோவேவ், கீழே ஓவன், இரண்டுக்கும் நடுவில் ஒரே பட்டன் வரிசை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவான். மேலே இருப்பதில் பால் சூடு பண்ணுவோம். கீழே இருப்பதைப் போட்டால் கரண்ட் டிரிப் ஆகிவிடும் என்று பயந்து யாரும் தொடுவதில்லை. பெரிய தட்டுகள், மூடி தொலைந்த பாத்திரங்கள் எல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்தன. ஓவன் என்று பேர், ஆனால் எங்களுக்கு அது அலமாரி.

அந்த அண்ணன் ஒரு நாள் வேலைக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். ஏழு மாதம் ஆகிவிட்டது. போனும் இல்லை, தகவலும் இல்லை. "வந்துடுவான், கோபத்துல போயிருக்கான்" என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணியோ பெரிய மருத்துவமனைக்கு நர்ஸ் வேலைக்கு மனுப் போட்டாள், பரீட்சை எழுதினாள், பட்டியலில் பேரும் வந்துவிட்டது. அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு அசல் சான்றிதழ்களைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அண்ணிக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. இதை விட்டால் அவ்வளவுதான்.

காலையில் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று அண்ணி கடைக்குப் போனாள். நான் சும்மா இருந்திருக்கலாம். என் கெட்ட நேரம், அன்றைக்குப் பார்த்து எனக்கு நல்ல புத்தி வந்தது. பாவம், இன்றைக்காவது அவள் திரும்பி வரும்போது அடுப்படி பளிச்சென்று இருக்கட்டும் என்று துடைக்க ஆரம்பித்தேன். மைக்ரோவேவுக்குள் பால் பொங்கிக் காய்ந்து போயிருந்தது. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. பட்டன் வரிசையில் துடைப்பம் மாதிரி ஒரு படம் தெரிந்தது. அதுவே சுத்தம் பண்ணிக்கொள்ளுமாம், அண்ணன் யாரிடமோ பெருமையடித்தது ஞாபகம் வந்தது. அமுக்கினேன். எதுவும் நடக்கவில்லை. அழுத்திப் பிடித்தேன். டக்கென்று ஒரு சத்தம், பிறகு ஃபேன் ஓடுகிற சத்தம். அப்பாடா என்று துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டேன்.

இறங்கி வந்தபோது வீடெல்லாம் கருகிய வாடை. பழைய அழுக்கெல்லாம் எரிகிறது போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அண்ணி வாசலிலேயே நின்றாள். "என்னமோ கருகுதே, என்னடி அது?"

"மைக்ரோவேவை கிளீன்ல போட்டிருக்கேன் அண்ணி. அழுக்கு எரியுது."

அவள் கையிலிருந்த போட்டோ கவர் கீழே விழுந்தது. ஓடிப்போய்க் கீழ்க் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கை சுட்டது, விடவில்லை. புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். கதவு அசையவில்லை. கண்ணாடிக்கு உள்ளே ஒரே புகை.

"அதுக்குள்ளதான்டி இருக்கு! என் சர்டிபிகேட் எல்லாம் அதுக்குள்ளதான்டி இருக்கு!"

எனக்கு முதலில் புரியவே இல்லை. பிறகுதான் உறைத்தது. சுத்தம் பண்ணுகிற பட்டன் மேலே இருப்பதற்கு இல்லை, கீழே இருப்பதற்கு. கதவைப் பூட்டிக்கொண்டு, உள்ளே இருக்கிற கறையெல்லாம் சாம்பலாகிற வரைக்கும் சூடேற்றும். கேன்சலை அமுக்கினேன், அவசரத்தில் வேறு எதையோ அமுக்கினேன், அது பீப் பீப் என்று கத்தியது. அண்ணி போய் மெயினையே இறக்கிவிட்டாள். ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை.

தோசைத் திருப்பியைக் கதவு இடுக்கில் விட்டு நெம்பினாள். நான் தெருமுனையில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பார்க்கிற மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, நெம்பாதீங்க!" என்று கத்தினார். "கண்ணாடி வெடிச்சு முகத்துல அடிக்கும். காத்துப் பட்டா உள்ள இருக்கறது குப்புனு பிடிச்சுக்கும். கரண்ட் இல்லாம அந்தப் பூட்டு விடாது. மெயினைப் போடுங்க."

"போட்டா மறுபடி சூடாகாதா அண்ணே?"

"போட்டதும் கடிகாரம் மினுக்கும். உடனே கேன்சலை அமுக்குங்க. ஃபேன் மட்டும் ஓடும். சூடு இறங்கினா பூட்டு தானா விட்டுடும். ஒரு மணி நேரம் ஆகும்மா, ஒண்ணும் பண்ண முடியாது."

மெயினைப் போடுவதா வேண்டாமா என்று இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். போட்டால் மறுபடி எரியத் தொடங்கிவிடுமோ, போடாவிட்டால் சூட்டிலேயே வெந்துவிடுமோ. "நான் அமுக்கறேன். நீ தொடாத" என்றாள் அண்ணி. நான் மெயினைப் போட்டேன். அவள் அமுக்கினாள். ஃபேன் ஓடியது. அப்போது மணி பதினொன்றரை.

அண்ணி தரையில் உட்கார்ந்து கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க என் வாய்க்குத் தெரியாதே.

"ஏன் அண்ணி, சர்டிபிகேட்டை யாராவது ஓவன்ல வைப்பாங்களா?"

"எங்க வைக்கச் சொல்ற? பீரோ சாவி உங்க அண்ணன்கிட்ட. பரண்ல அவன் சாமான். இந்த வீட்ல அவன் திறக்காத இடம் இது ஒண்ணுதான்."

எனக்குச் சுருக்கென்றது. பதினொரு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு வேலை வந்தது. வந்த ஆர்டரை அண்ணன் அவள் முன்னாலேயே நாலாகக் கிழித்துப் போட்டான். மறுநாளே சான்றிதழ்களையும் தேட ஆரம்பித்தான். கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"அவன் போய்த்தான் ஏழு மாசமாச்சே. அப்புறமும் எடுத்து வெளிய வைக்க வேண்டியதுதானே?"

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ இருக்கியே" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பால் தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். அழுகை வந்தது. அழக்கூட எனக்கு அப்போது உரிமை இல்லை என்று தோன்றியது.

பன்னிரண்டே முக்காலுக்குப் பூட்டு விட்டது. அண்ணி கதவைத் திறந்தாள். பெரிய தட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் ஃபைல் உருகி, கறுப்புப் பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. அசல், நகல் எல்லாம் அந்த ஒரே ஃபைலில்தான். ஒரு தாளைத் தொட்டாள், பொடிந்து போனது. அடுத்ததைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டாள். ஓரமாக ஒரு துண்டு மட்டும் பழுப்பேறித் தப்பியிருந்தது. அதில் பாதி முத்திரையும் மூன்று எண்களும் இருந்தன.

"அண்ணி, என்னை ரெண்டு அடி அடிச்சிடுங்க."

"நேரமில்ல" என்றாள். மிச்சத்தைத் தோசைத் திருப்பியால் சுரண்டி ஒரு டிபன் டப்பாவில் போட்டாள். முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு புறப்பட்டாள். கூப்பிடாமலே நானும் பின்னால் போனேன்.

மருத்துவமனை அலுவலகத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்து எங்கள் முறை வரும்போது மணி மூன்றரை தாண்டிவிட்டது. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மாள் இருந்தார். டப்பாவைப் பார்த்ததும், "சாப்பாடெல்லாம் வெளிய வச்சிட்டு வாங்கம்மா" என்றார். அண்ணி மூடியைத் திறந்து காட்டினாள். அந்த அம்மாளின் முகம் மாறிப்போனது. டப்பாவை மெல்ல அண்ணி பக்கமே நகர்த்தி வைத்தார்.

"அசல் இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பட்டியல் மேல போயிடும்."

"வேற வழியே இல்லையா மேடம்?"

அவர் ஒரு படிவத்தை எடுத்துப் போட்டார். மாற்றுச் சான்றிதழ் கேட்டு மனு. இதை இன்றைக்கே ஏற்றுக்கொண்டால் பெயரை முப்பது நாள் நிறுத்திவைக்கலாமாம். "ஆனா அழிஞ்சதுக்குக் காரணம் எழுதணும். சும்மா கவனக்குறைவுன்னு எழுதினா தள்ளிடுவாங்க. நடந்ததை நடந்தபடி எழுதுங்க. நேர்ல பார்த்தவங்க ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

அண்ணி எழுத ஆரம்பித்தாள். காரணத்துக்கு இரண்டு வரிதான் இடம் விட்டிருந்தார்கள். அதை நிரப்பி, தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள். ஒரு இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. பதினொரு வருடமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்தவளுக்கு எதற்கு அடித்தல்? முடித்துவிட்டுப் படிவத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க" என்றார் அதிகாரி.

படித்தேன். வேலை ஆர்டரைக் கணவர் கிழித்தது இருந்தது. சான்றிதழ்களையும் கிழித்துவிடுவார் என்று பயந்து ஓவனுக்குள் ஒளித்தது இருந்தது. கணவரின் தங்கை அது தெரியாமல் பட்டனை அமுக்கியது இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். நடுவில் ஒரு வரி: 'ஆர்டரைக் கிழித்தபோது கணவரின் தங்கை அருகில் நின்றார். தடுக்கவில்லை.'

என் அண்ணன். என்னைத் தோளில் தூக்கிச் சுமந்தவன். புருஷன் வீட்டிலிருந்து நான் திரும்பி வந்தபோது ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்துவிட்டவன். நாளைக்கே அவன் வந்து நின்றால் எந்த முகத்தோடு அவனைப் பார்ப்பேன்? பேனாவைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. சுவரில் மணி நாலேகால். அண்ணி தன் சுட்ட விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் வெளுத்துக் கொப்பளித்திருந்தது. காலையிலிருந்து அதற்கு அவள் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

"என்னம்மா, இதுல ஏதாவது பொய்யா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்ல மேடம். எல்லாம் நிஜம். நான் பக்கத்துலதான் நின்னேன். தடுக்கல" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.