திரேசில் ஆர் இருக்கினம்?

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்த கோடையில், திரேசுக்குப் போவோம் என்றார் என் கணவர். அது எந்த நாடு என்று கேட்டேன். நாடில்லை, பழைய காலத்துப் பிரதேசம், இப்போது பல்கேரியா, கிரீஸ், துருக்கி மூன்றிலும் பிரிந்து கிடக்கிறது என்றார். அப்படியானால் எந்த நாட்டுக்கு டிக்கெட் எடுப்பது என்று கேட்டேன். அதைத்தான் தானும் யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது அன்றுதான்.

நாங்கள் லண்டனில், ஹரோவில் இருந்தோம். அவருக்குப் பெட்ரோல் ஸ்டேஷனில் ஷிப்ட் வேலை. கார் வராத நேரங்களில் நூலகத்துப் புத்தகங்களை வாசிப்பார். திரேஸ் வந்ததும் அந்த வழியாகத்தான். வெயிலில் காய்ந்த சமவெளி, அதில் புல் மூடிய மண்மேடுகள், மேட்டுக்குள்ளே குதிரையோடு புதைக்கப்பட்ட அரசர்கள் என்று படம் படமாகக் காட்டினார். செத்த குதிரையைப் பார்க்க விமானம் ஏற வேண்டுமா என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

உண்மையில் எனக்கும் ஆசை இருந்தது, காரணம்தான் வேறு. லண்டனுக்கு வந்த பிறகு நாங்கள் போன பயணமெல்லாம் சொந்தக்காரர் வீடுகளுக்கு. பாரிசுக்குச் சாமத்தியச் சடங்கு, ஜெர்மனிக்குச் செத்தவீடு, டொரண்டோவுக்குக் கலியாணம். ஒரு வீட்டில் சாப்பிட்டால் மற்ற வீட்டில் கோபம். ஒருவருமே தெரியாத ஊருக்குப் போய், ஹோட்டல் கதவைச் சாத்திக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் படுத்துத் தூங்க வேண்டும் போல இருந்தது. அது எனக்கு எவ்வளவு தேவையாக இருந்தது என்று அவருக்குக்கூடச் சொல்லவில்லை.

சாப்பாட்டு மேசையை வரைபடம் பிடித்துக்கொண்டது. எந்த எல்லைக்கு விசா வேண்டும், எந்த ஆறு எந்த நாட்டைப் பிரிக்கிறது, பஸ் எங்கே நின்று சோதனை நடக்கும் என்றெல்லாம் தூதரகங்களுக்கு அலைந்து தெரிந்துகொண்டார். ஒரு நாள் பல்கேரியாவில் தொடங்கித் தெற்கே இறங்குவார். மறுநாள் துருக்கியில் தொடங்கி மேலே ஏறுவார். நான் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இப்போது எந்த நாட்டில் நிற்கிறோம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆர்ச்வேயில் முருகன் கோயிலுக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து சாப்பிடும்போது, பக்கத்தில் இருந்த தெரிந்த பெண்ணிடம் பேச்சுவாக்கில் பயணத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அங்கை ஆர் இருக்கினம்?" என்று கேட்டார்.

ஒருவரும் இல்லை என்றேன். அவர் என் கையை அழுத்திப் பிடித்து, கவனமாகப் போய் வரும்படியும், தான் ஒருவரிடமும் மூச்சு விட மாட்டேன் என்றும் சொன்னார். விடுமுறைக்குப் போவதில் மூச்சு விடாமல் இருக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு எல்லாமே புதிராக நடந்தது. நெடுநாள் பேசாதவர்கள் போன் எடுத்துச் சுகம் விசாரித்தார்கள். கடைக்காரர் எனக்கு நல்ல முருங்கைக்காயாகத் தெரிந்தெடுத்துத் தந்தார். பெட்ரோல் ஸ்டேஷனுக்கு வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், இப்போது எந்தப் பக்கத்தால் போவது சுகம், கிரீஸ் பக்கமா துருக்கிப் பக்கமா என்று கேட்டாராம். தன் திரேசைப் பற்றி ஒரு மனிதர் கேட்டுவிட்டாரே என்று இவருக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. வரைபடத்தை எடுத்து விரித்து, ஆறு, பாலம், பஸ் எல்லாவற்றையும் விளக்கியிருக்கிறார். அவர் போகும்போது இவரைக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். சரித்திரத்தில் எங்கள் ஆட்களுக்கு இவ்வளவு ஆர்வமா என்று வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டார்.

அடுத்த ஞாயிறு, முன்பின் தெரியாத ஒரு பெண் லண்டனின் மறுகோடியில் இருக்கும் செவன் கிங்சிலிருந்து ரயில் மாறி மாறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை. தேத்தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. பைக்குள்ளிருந்து தடித்த நீல ஸ்வெட்டர் ஒன்றையும் ஒரு போட்டோவையும் எடுத்து, விரித்திருந்த வரைபடத்தின் மேலேயே வைத்தாள். போட்டோவில் அவள் தம்பி. காசு வாங்கி ஆட்களை எல்லை தாண்டிக் கொண்டுவரும் ஏஜென்சிக்காரர் அவனை மாஸ்கோ வழியாகக் கொண்டு வந்திருக்கிறார்கள். கடைசியாகப் பல்கேரியாவில் பிளோவ்டிவ் என்ற ஊரிலிருந்து போன் எடுத்துக் குளிருது அக்கா என்றானாம். அதற்குப் பிறகு மாரிக் குளிர் வந்து போய்விட்டது. ஒரு தகவலும் இல்லை.

"மற்ற ஆக்கள் பிறகு வரட்டும் அக்கா. இவனை மட்டும் முதல்ல கொண்டு வந்து விடுங்கோ," என்றாள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் சொந்தம் இல்லாத ஊருக்குப் போவதில்லை. அதிலும் அந்த எல்லைகளுக்குப் போவதென்றால், ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்து இடையில் அகப்பட்டு நிற்கும் பிள்ளைகளைக் கடத்திக்கொண்டு வரத்தான். முழு லண்டனும் எங்களை ஏஜென்சி என்று நம்பியிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவர் மேல், இவருடைய குதிரைகள் மேல், அந்தப் பெண் மேல், யார் மேல் என்றே தெரியவில்லை. இவர் வரைபடத்தின் மேலிருந்த ஸ்வெட்டரை மெல்ல மடிக்கத் தொடங்கினார்.

நான்தான் சொன்னேன். "தங்கச்சி, நாங்கள் சும்மா பாக்கத்தான் போறம்."

"சும்மாவோ?" என்றாள். "அங்கை சும்மா பாக்க என்ன கிடக்கு?"

அரசர்களும் குதிரைகளும் என் வாயில் வரவில்லை. அவள் என்னை நம்பவும் இல்லை. தான் எங்களுக்குச் சொந்தமில்லை என்பதால் மறுக்கிறோம் என்று நினைத்தாள் போலும். தன் தாயின் ஊர், தகப்பனின் ஊர், கலியாணம் செய்த வழி எல்லாம் சொல்லி எங்களோடு ஒரு உறவைத் தேடிப் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை. எழும்பி வாசல்வரை போனவள் திரும்பி, "அவனுக்குக் கழுத்து இறுகினாப் பிடிக்காது. போடேக்கை கொஞ்சம் இழுத்து விடுங்கோ," என்றாள்.

நான் ஓம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அதோடு மூன்று நாட்டுத் திட்டம் முடிந்தது, பல்கேரியாவுக்கு மட்டும் போனோம். மண்மேடுகளை பஸ் ஜன்னலால் பார்த்ததோடு சரி. பிளோவ்டிவில் ரயில் நிலையம், மலிவான விடுதிகள், போன் எடுக்கும் தபாற்கந்தோர் என்று போட்டோவோடு அலைந்தோம். தபாற்கந்தோரில் ஒரு பெண் போட்டோவைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். அவனைக் கண்டிருக்கிறாள் என்று நான் இவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். அந்த ஊரில் அப்படி ஆட்டினால் இல்லை என்று அர்த்தம் என்பதைப் பிறகு விடுதிக்காரர் சொன்னார். ஹோட்டல் கதவைச் சாத்தினேன், தூங்கவில்லை.

அவனைக் காணாமல் திரும்பி வந்து ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு செவன் கிங்சுக்குப் போனோம். அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்துப் பயந்துகொண்டே போனேன். அவள் எங்களுக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடிந்து நான் ஸ்வெட்டரை நீட்டியபோது வாங்கவில்லை.

"வைச்சிருங்கோ அக்கா," என்றாள். "அடுத்த முறை போகேக்கை குடுங்கோ."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் இவர் வரைபடத்தை மறுபடியும் மேசையில் விரித்தார். சோற்றுக் கோப்பைகளை நானே ஒதுக்கிக் கொடுத்தேன்.