வெளுத்த பவளத்துக்கு ஒரு தகடு

பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வேன் ஏறும் முன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவேன். சித்திரை மாதம் ஒருநாள் வேலைவிட்டு வந்து பார்த்தால் மகள் பலமுறை கூப்பிட்டிருந்தாள். அவள் இருப்பது கடலோர ஊரான மண்டபத்தில். விருதுநகரில் காலேஜ் முடித்து, கடலுக்குள் பவளப்பாறை நட்டு வளர்க்கிற ஒரு குழுவில் வேலைக்குச் சேர்ந்தவள். எங்கள் தாயில்பட்டிப் பக்கம் கடலைப் பார்த்தவர்களே குறைவு. இவள் அதற்குள் முங்கி வேலை பார்க்கிறாள்.

திரும்பக் கூப்பிட்டேன்.

"எல்லாம் வெளுத்துப்போச்சும்மா. நான் நட்டு வச்ச பவளம் அம்புட்டும். வேலைய விட்டுட்டு அங்கன வந்துடுறேன். ஒங்க கம்பெனியில கணக்கு எழுதுற வேலை இருந்தா கேட்டுப் பாரு."

இந்த வெடிமருந்து வாசத்துக்குள் இவள் வரக்கூடாது என்றுதான் நானும் வீட்டுக்காரரும் இத்தனை வருஷம் உடம்பைத் தேய்த்தோம். அந்தப் பாறை பிழைத்தால் மகள் அங்கே இருப்பாள், செத்தால் இங்கே வந்துவிடுவாள். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

லீவு போட்டு வந்தாள். வந்தவள் தூங்கித் தூங்கி எழுந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். அவள் அப்பா அவள் போனில் வெளுத்த பவளத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளையடிச்ச மாதிரி அழகாத்தானே இருக்கு தாயி?" என்றார்.

"அழகு இல்லப்பா. எலும்பு தெரியுது."

பிறகு எனக்கு விளக்கிச் சொன்னாள். "பவளம் கல்லு இல்லம்மா, உசுரு. அது ஒடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு. வெயில வாங்கிச் சோறாக்கிக் குடுக்கிறது அந்தப் பாசிதான். நிறமும் அது குடுக்கிறதுதான். கடல் தண்ணியில கொஞ்சம் சூடு கூடி, அது எறங்காம நாள் கணக்கா நின்னுச்சுன்னா, அந்தப் பாசிகிட்ட இருந்தே விஷம் வர ஆரம்பிச்சுரும். பவளம் தாங்க மாட்டாம அதை வெளிய தள்ளிரும்."

"சோறு போடுறதையேவா?"

"வேற என்ன செய்யும்?"

எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வெயில் ஏறினால் போர்மேன் எங்களை ரூமைவிட்டு வெளியே வரச் சொல்வார். மருந்துக்குச் சூடு ஆகாது. எங்களுக்குச் சோறு போடுவதும் அந்த மருந்துதான். கடலுக்குள்ளும் இதே பாடுதானா என்று அலுப்புத்தான் வந்தது.

"வெளுத்துட்டா செத்துருச்சுன்னு அர்த்தமா?"

"சாகல. பட்டினி கெடக்கு. தண்ணி குளுந்தா பாசி திரும்பச் சேரும். ரொம்ப நாளாச்சுன்னா பசியிலயே போயிரும்."

"அப்ப வேண்டிக்கிறலாம்ல?"

என் முகத்தையே பார்த்தாள். "வேண்டிக்கோம்மா" என்றாள்.

வெள்ளிக்கிழமை இருக்கன்குடி கோயிலுக்கு இரண்டு பேரும் போனோம். உடம்பில் எந்த இடத்துக்கு நோவோ அந்த உருவம் பதித்த தகடு வாங்கி மாரியம்மனுக்குப் போடுவது எங்கள் வழக்கம். கண்ணுக்குக் கண், காலுக்குக் கால். கோயில் வாசலில் தகடு விற்கிற கடைக்காரர் தட்டை நீட்டி, "யாருக்கும்மா, என்ன வேணும்?" என்றார்.

"பவளத்துக்குண்ணே."

"கழுத்துல போடுறதா? தொலைச்சிட்டீகளா?"

"இது கடல்ல இருக்கிறதுண்ணே. சொகமில்ல, பட்டினியாக் கெடக்கு" என்றாள் மகள்.

அவர் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். "மாடு இருக்கு, வீடு இருக்கு, தேளு பூரான் கூட இருக்கு. கடல்ல உள்ளதுக்கு நான் எங்கன போவேன்? அதுக்குக் கை காலு உண்டா?"

"இல்லண்ணே. வாயும் வயிறுந்தான்."

"எங்க மச்சினன் மாதிரியின்னு சொல்லுங்க" என்று ஒரு வயிற்றுத் தகட்டை எடுத்துக் கொடுத்தார். "பட்டினின்னா வயிறுதான் சரி. ஆத்தாவுக்குப் புரியும், போடுங்க."

மகள் சிரித்தாள். வந்த நாளிலிருந்து அன்றுதான் சிரித்தாள். நான் தகட்டைக் கண்ணில் ஒற்றி உண்டியலில் போட்டேன். பாறைக்காக வேண்டினேனா, பிள்ளைக்காக வேண்டினேனா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"ஒருவாட்டி எறங்கிப் பாத்துட்டு முடிவு சொல்றேன்" என்று மண்டபத்துக்குத் திரும்பிப் போனாள். வைகாசி கடைசியில் மேற்கே இருந்து மேகாற்று எடுத்தது. இங்கே புழுதி வாரி இறைத்தது. அங்கே தண்ணீர் குளிர ஆரம்பித்துவிட்டதாகவும், ஆனால் அலை அதிகம், யாரையும் இறங்க விடவில்லை என்றும் சொன்னாள். தீபாவளிச் சீசன் வேலை எங்களுக்கும் கூடிவிட்டது. வெடிகளை அடுக்கி ஒட்டும்போது கை அது பாட்டுக்கு ஓடும். மனசு வீட்டில் கிடக்கும் போனிலேயே இருக்கும். ராத்திரி முதுகு வலிக்குத் தைலம் தேய்க்கக்கூடத் தெம்பு இல்லாமல் படுத்துவிடுவேன்.

கடல் அடங்கி, அவள் இறங்கிப் பார்த்த அன்று சாயங்காலம் கூப்பிட்டாள்.

"நான் நட்டது பூராம் போச்சும்மா. கொம்பு கொம்பா இருந்தது ஒண்ணுகூட மிஞ்சல. மேல வேற பாசி படந்து கெடக்கு. இது சோறு போடாத பாசி."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"பக்கத்துல உருண்டை உருண்டையா, யாரும் நடாத பழைய பவளம் இருக்கு. அதுல திட்டுத் திட்டா நிறம் திரும்பியிருக்கு. அது சூட்டைத் தாங்கும் போல. அதுல துண்டெடுத்து நட்டுப் பாக்கலாம்னு சொல்றாங்க."

வருகிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள்.

"நான் இருக்கேம்மா."

"அடுத்த கோடை வருமே புள்ள."

"வரும்."

அந்தக் குரல், வேலைவிட்டு அலுத்து வேனில் இருந்து இறங்கும்போது எனக்கு இருக்கிற குரல். அவளுக்கு அது எப்போது வந்தது என்று நினைத்தபடி போனை வைத்தேன்.

"என்ன சொல்லுது புள்ள?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"இருக்காளாம்."

"பாறை?"

"அவ நட்டது போச்சாம். பழசுல கொஞ்சம் பொழைச்சிருக்காம்."

"அம்புட்டுப் போதும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

முகம் கழுவி விளக்கேற்றினேன். மகள் அங்கேயே இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன், அம்மன் தந்துவிட்டாள். அவள் இந்த வயதில் அலுத்துப்போகக் கூடாது என்று கேட்க அப்போது தோன்றவில்லை. அன்று அதைக் கேட்டேன்.