நல்ல காதில் ஊதாக் கோடு

கண்டியில் கதிர்சிகிச்சைப் பிரிவில் நான் வேலை பார்த்த காலம். நாலு நாள் நீடித்த ஊரடங்கை அன்று காலைதான் எடுத்திருந்தார்கள். இரண்டு மணிக்கு மறுபடி ஊரடங்கு. வாசல் நிறைய நோயாளிகள். சிடுசிடுத்தபடி ஒவ்வொருவராக மெஷினில் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது பாக்கியம், கலஹா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். இடது காது நரம்பில் கட்டி, அந்தக் காது கேட்காது. புற்றுநோய் அல்ல, ஆனால் வளர்ந்தால் மூளையை அழுத்தும். சத்திரசிகிச்சைக்குக் கொழும்பு போகவேண்டும். அந்நாளில் தமிழர்களுக்கு அந்தப் பாதையே பயம். ஒரே நாளில் கதிர் பாய்ச்சி முடிக்கும் மெஷின் வெளிநாட்டில் உண்டு என்பார் டொக்டர். பிரஜாவுரிமையே கிடைக்காத தோட்டத் தொழிலாளிக்கு யார் பாஸ்போர்ட் கொடுப்பது? மிஞ்சியது எங்கள் பழைய கோபால்ட் மெஷின்தான். ஆறு வாரம், தினமும் பஸ்.

கதிர் விழவேண்டிய இடத்தைக் காதருகே ஊதா மையால் குறித்திருப்போம். அன்று அவசரத்தில் கிளினிக் அட்டையைப் பார்க்காமல், கோடு இருந்த பக்கம் மெஷினைத் திருப்பிவிட்டேன்.

"ஆடாமல் படுங்கோ அம்மா."

"என்னங்கய்யா?" வழக்கம்போல் தலையைத் திருப்பி நல்ல காதைக் காட்டினார். ஊதாக் கோடு அந்தக் காதருகில் இருந்தது.

அட்டையை எடுத்துப் பார்த்தேன்: இடது காது. "இதை ஆர் போட்டது?"

"நாந்தாங்கய்யா. பழச எண்ண தேச்சு அழிச்சிட்டு, டிஸ்பென்சரி ஊதா மருந்துல போட்டுக்கிட்டேன்."

"ஏனம்மா?"

"போன காது போனதுதான்னு நீங்கதானே சொன்னீங்க. செத்த காதுக்கு எதுக்குங்க கரண்டு? இருக்குறதுக்கு வச்சா அதாவது நிக்கும். செக்பொயின்ட்ல நில்லுன்னா கேக்கணும்ல. கேக்காட்டிச் சுட்ருவாங்கய்யா."

நாற்காலியை இழுத்து அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தேன். "கரண்டு காதுக்கில்லை அம்மா, உள்ளுக்கு இருக்கிற கட்டிக்கு. அது வளராமல் நிண்டால் போதும். நல்ல காதில வச்சால் அதுவும் கெட்டுப்போகும். முதல் நாளே சொன்னனான் எல்லோ?"

"சொல்லியிருப்பீங்க." இடது காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். "இந்தப் பக்கந்தானே நின்னுக்கிட்டிருந்தீங்க."

உண்மைதான். அட்டையில் எழுதியபடியே சொல்லியிருந்தேன், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்தபோது காதில் விழுந்தது, போன காது போனதுதான் என்ற அந்த ஒரு வசனம் மட்டும். வெட்கமாக இருந்தது.

டொக்டர் இடது காதருகே புதிதாகக் கோடு போட்டார். செக்பொயின்ட்டில் காட்ட நான் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினேன்: இவருக்கு இடது காது கேளாது, வலது பக்கம் வந்து கூப்பிடவும். டொக்டர் அதில் கையெழுத்திட்டார். கிளினிக் அட்டையோடு அதையும் மடித்து வைத்துக்கொண்டு ஆறு வாரமும் வந்து போனார். கட்டி வளரவில்லை, மீதிக் காதும் பிழைத்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மெஷினை இயக்க எத்தனையோ பேர் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: வாய் திறக்குமுன், நோயாளியின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.