கூரைக்குக் கீழே மூன்று

இன்டர்மீடியட் கணக்குப் பரீட்சையில் நான் திரும்பத் திரும்பத் தோற்றதற்குக் காரணம் கணக்குப் போடத் தெரியாதது அல்ல; போட்ட கணக்கை நிறுத்தத் தெரியாதது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானும் முயன்று பார்த்திருக்கிறேன்.

ஒரு செங்கோண முக்கோணம். செங்கோணத்தை ஒட்டிய பக்கங்களில் ஒன்று மூன்றின் வர்க்கமூலம், மற்றது ஆறின் வர்க்கமூலம். சைன், கொசைன் என்ன என்று கேள்வி. ஒழுங்கான மனிதன் இரண்டையும் வர்க்கித்துக் கூட்டுவான். மூன்றும் ஆறும் ஒன்பது. ஒன்பதின் மூலம் மூன்று. ஆகவே கர்ணம் மூன்று. சின்னப் பக்கத்துக்கு எதிர்க்கோணத்தின் சைன், மூன்றின் மூலத்தை மூன்றால் வகுத்தது. கொசைன், ஆறின் மூலத்தை மூன்றால் வகுத்தது. அவ்வளவுதான், வெற்றிலை போடப் போகலாம்.

எனக்கு அது முடிந்ததாகவே தோன்றாது. எங்களுடையது நிலம் வைத்துப் பயிரிடும் குடும்பம். களத்தில் நெல்லை மரக்காலால் அளந்து, மிச்சத்தைப் படியால் அளந்து, அதற்கும் மிச்சத்தை ஆழாக்கால் அளந்து, கையில் ஒட்டியதையும் தட்டிவிட்ட பிறகுதான் நைனா எழுந்திருப்பார். அளக்காத குவியலைப் போட்டுவிட்டுப் போனால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அப்படி வளர்ந்தவனிடம் 'மூன்றின் மூலம்' என்று ஒன்றைக் கொடுத்து, அதை அப்படியே விட்டுவிடு என்றால் எப்படி விடுவான்? நான் அளந்துவிடுவேன். ஒன்று புள்ளி ஏழு மூன்று. மற்றது இரண்டு புள்ளி நான்கு ஐந்து. அவற்றை மறுபடி வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் கர்ணம் இரண்டு புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது என்று வரும். மூன்று என்று எதிரில் வந்து நிற்கும் எண்ணை, பாடுபட்டு, மூன்றாக விடாமல் செய்துவிடுவேன். மூலங்களை அப்படியே விடவேண்டும் என்று கேள்வித்தாளில் அச்சிட்டிருக்கும். அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொள்வேன்.

அது யுத்த காலம். திருத்தணியில் நான் தற்காலிக வாத்தியாராக இருந்தேன். பாடம் சரித்திரம், அதில் மூலங்கள் கிடையாது. இன்டர்மீடியட் தேறினால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் தனிக்குடித்தனம். இரண்டாவது வாக்கியம் என் மனைவியுடையது. நாங்கள் அண்ணன் வீட்டில் இருந்தோம். அங்கே ஒரே அடுப்பு, அது அண்ணியின் அடுப்பு. அண்ணி பொல்லாதவள் அல்ல. கொஞ்சம் புளி அதிகம், அவ்வளவே. என் மனைவி காய் நறுக்கினாள், அம்மியில் அரைத்தாள், பாத்திரம் துலக்கினாள். குழம்பில் உப்புப் போடும் அதிகாரம் மட்டும் அவளிடம் வரவில்லை. நகை கேட்டதில்லை, புடவை கேட்டதில்லை. "நான் உப்பு போட்டு நீங்க ஒரு நாளு சாப்புடணுங்க" என்பாள்.

மலைக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் சின்ன வீடு ஒன்று காலியாக இருந்தது. கிருத்திகைக்கு மலையேறி இறங்கும்போதெல்லாம் அதன் சமையலறை ஜன்னலுக்கு எதிரே அவள் நடை மெதுவாகும். நான் காவடிக்காரர்களை ஆராய்வேன்.

மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டதால் படிப்பெல்லாம் மத்தியானம், கிணற்றடியில். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. புத்தகத்தின் பின்னால் உள்ள விடைப் பக்கத்தை விரித்துக்கொண்டு, மாதிரித் துணியோடு முந்தானையை ஒத்துப் பார்ப்பதுபோல என் சிலேட்டை அதனோடு ஒத்துப் பார்ப்பாள்.

"இதுல கூரை போட்டு உள்ள மூணு இருக்குதுங்க. உங்களுதுல கூரையே இல்ல."

வர்க்கமூலக் குறிக்கு அவள் வைத்த பெயர் அது. புத்தகத்தில் இருப்பதும் என்னுடைய புள்ளி ஐந்து ஏழு ஏழும் ஏறக்குறைய ஒன்றுதான், நான் இன்னும் கொஞ்சம் மேலே போயிருக்கிறேன் என்று விளக்கினேன்.

"ஒண்ணுதான்னா அவங்க போட்டாப்பலயே போட்டுட்டு வர்றதுதானே. உங்கள மேல போவச் சொல்லி யாரு கேட்டாங்க?"

நான் சிலேட்டைத் துடைத்தேன். அந்த வருஷமும் தோற்றேன். அன்று அம்மியில் மசாலா வழக்கத்தைவிட மையாக அரைபட்டது.

அடுத்த வருஷம் பரீட்சைக்கு முன்பே வளைகாப்பு முடிந்து, அவளைத் தாய்வீட்டுக்கு, மணவூருக்கு, அழைத்துப் போனார்கள். பரீட்சை மதராஸில். முக்கோணம் வந்தது: ஐந்தின் மூலம், பதினொன்றின் மூலம். ஐந்தும் பதினொன்றும் பதினாறு, கர்ணம் நான்கு. சைன், ஐந்தின் மூலத்தை நான்கால் வகுத்தது. கை புள்ளி வைக்கத் துடித்தது. வைக்கவில்லை. களத்தில் குவியலைப் போட்டுவிட்டு ஓடுகிறவன் மாதிரி வெளியே வந்தேன்.

திரும்பும்போது மணவூரில் இறங்கினேன். மாமனாரோடு மழையைப் பற்றியும் ஜப்பான்காரனைப் பற்றியும் பேசி முடித்த பிறகு, தண்ணீர்ச் சொம்போடு அவள் வந்தாள். நடக்கவே கஷ்டப்பட்டாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கூரையோட உட்டுட்டு வந்தீங்களா?"

"உட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஆங்."

சொம்பை என்னிடம் நீட்டினாள். பிறகு, "அந்தச் சந்து வூட்டுக்காரரு கிட்ட ஒரு வார்த்த சொல்லி வைங்க. வேற யாருக்கனா உட்டுறப் போறாரு" என்றாள். மேடை அடுப்பெல்லாம் வேண்டாம், தரையடுப்பே போதும் என்றாள். ஊருக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்தேன்.

பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. காலை வண்டியில் வந்து இறங்கிய மைத்துனன் வாசலில் நின்று "பாவா" என்றான். எதையும் வேடிக்கையாக எழுதிவிடுகிற ஆள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. இந்த இடத்துக்கு வரும்போது அந்த ஆள் எங்கே போகிறான் என்று தெரியவில்லை.

ஆனி மாதத்தில் முடிவு வந்தது. தேறியிருந்தேன். வேலை நிரந்தரமாயிற்று. அண்ணன், இங்கேயே இருந்துவிடேன் என்றார். அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சொல்லி வைத்த வீடு இருக்கிறதே என்று நான் கிளம்பினேன். அந்தப் பதில் எனக்கே சரியாகப் படவில்லை. ஆனாலும் கால் அந்தச் சந்துக்குத்தான் போயிற்று.

வீட்டுக்காரர் நல்லவர். வாக்குக் கொடுத்தபடி வேறு யாருக்கும் விடாமல் வைத்திருந்தார். கதவைத் திறந்து கூடத்தைக் காட்டினார், பின்கட்டைக் காட்டினார். நான் சமையலறையில் நின்றுவிட்டேன். மூலையில் தரையடுப்பு, புதிதாக மெழுகியிருந்தது. வெகுநேரம் நான் வெளியே வராததால் அவர் நிலைப்படியில் வந்து நின்று எட்டிப் பார்த்தார். விஷயம் அவருக்கும் தெரியும். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"ஒண்டி ஆளுக்கு இன்னாத்துக்குங்க சமையல் ரூம்பு? சாப்பாட்ட அண்ணன் வூட்ல பாத்துக்குங்க. இதுல நான் விறகு அடுக்கிக்கறேன்."